பழங்கால முத்திரைகள் (தமிழ்நாடு)

இக்கட்டுரை ஆவணங்களிலும் பொருட்களிலும் பதிக்கப் பயன்பட்ட பழங்கால முத்திரைகள் பற்றியது. நாட்டிய முத்திரைகள், அஞ்சல் முத்திரைகள் ஆகியவை தனிக்கட்டுரைகளுக்கு உரியவை.

'''பழங்கால முத்திரை''' என்பது ஒருவரின் பெயர், பதவி அல்லது சின்னத்தைக் களிமண், அரக்கு, மை, உலோகம் முதலியவற்றில் பதிப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளையும், அவ்வாறு பதிக்கப்பட்ட அடையாளத்தையும் குறிக்கும். கையொப்பம் பரவலாக வழக்கிற்கு வருவதற்கு முன், ஓர் ஆணை அரசனுடையதுதான் என்பதையும், ஒரு மூட்டை வழியில் பிரிக்கப்படவில்லை என்பதையும் முத்திரையே உறுதி செய்தது. தமிழ்நாட்டில் சங்ககாலக் கணையாழிகள், பல்லவர், பாண்டியர், சோழர் செப்பேடுகளின் வளைய முத்திரைகள், நவாபு மற்றும் மராட்டியர் காலத்து ஆவண முத்திரைகள், கம்பனி ஆட்சிக்காலப் பித்தளை முத்திரைகள் எனப் பல வகைகள் கிடைத்துள்ளன.

முத்திரைகளைச் சேகரிப்பதும் மதிப்பிடுவதும் சீனாவில் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த தனிக்கலையாகும். தமிழ்நாட்டில் அது நாணயவியல், கல்வெட்டியல் ஆகிய துறைகளின் ஒரு பகுதியாகவே இருந்து வருகின்றது. முத்திரைகள் மிகச் சிறியவை, எளிதில் உருக்கப்படக்கூடியவை. கிடைத்த இடத்தைப் பற்றிய செய்தி தொலைந்துவிட்டால் அவற்றின் வரலாற்று மதிப்பில் பெரும்பகுதி மீட்க முடியாதவாறு அழிந்துவிடுகின்றது. இதனாலேயே அவற்றை அடையாளம் காணும் முறையும், அவை தொடர்பான சட்டங்களும் பொதுமக்களுக்கும் முக்கியமானவை ஆகின்றன.

== பெயர் ==

தமிழில் முத்திரை, இலச்சினை, பொறி ஆகிய சொற்கள் இப்பொருளில் வழங்குகின்றன. விரலில் அணியும் முத்திரை மோதிரம் கணையாழி எனப்படும். இராமாயணத்தில் அனுமன் சீதையிடம் அடையாளமாகக் காட்டும் இராமனின் மோதிரம் இவ்வகைப் பொருளுக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு ஆகும். விசாகதத்தர் எழுதிய முத்ராராட்சசம் என்னும் வடமொழி நாடகத்தின் கதை, அமைச்சர் ஒருவரின் முத்திரை மோதிரம் பிறர் கைக்குச் சென்றதால் விளையும் நிகழ்வுகளைச் சுற்றி அமைந்துள்ளது. முத்திரை கைமாறினால் அதிகாரமும் கைமாறும் என்ற எண்ணம் அக்காலத்தில் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதை இது காட்டுகின்றது.

ஆய்வாளர்கள் பதிக்கும் கருவியையும், பதிந்த அடையாளத்தையும் வேறுபடுத்திக் கூறுவர். இக்கட்டுரையில் முன்னது முத்திரை அச்சு எனவும், பின்னது முத்திரைப் பதிவு எனவும் குறிக்கப்படுகின்றது. பொதுவழக்கில் இரண்டும் முத்திரை என்றே அழைக்கப்படுவதால் விற்பனைப் பட்டியல்களிலும் செய்திகளிலும் குழப்பம் ஏற்படுவதுண்டு.

== அமைப்பு ==

முத்திரை அச்சில் எழுத்தும் உருவமும் இடவல மாற்றமாகச் செதுக்கப்படும். பதிக்கும்போதுதான் அவை நேராகத் தெரியும். உருவத்தைக் குழிவாகச் செதுக்கினால் பதிவில் அது மேடாக எழும். களிமண்ணுக்கும் அரக்கிற்கும் இம்முறை ஏற்றது. எழுத்தைச் சுற்றியுள்ள பகுதியைச் செதுக்கி நீக்கி எழுத்தை மேடாக விட்டால் அது மை தோய்த்துப் பதிப்பதற்கு ஏற்றதாகும்.

செப்பேடுகளுடன் இருக்கும் முத்திரைகள் இவ்விதிக்கு மாறானவை. ஏடுகளின் துளை வழியே ஒரு வளையம் கோக்கப்பட்டு, வளையத்தின் இரு முனைகளும் ஒரு வட்டமான உலோகக் கட்டியினுள் சேர்த்து அடைக்கப்படும். அக்கட்டியின் முகத்தில் அரச சின்னம் புடைப்பாகவும் எழுத்து நேராகவும் அமைந்திருக்கும். எனவே அது முத்திரை அச்சு அன்று; முத்திரைப் பதிவே ஆகும். வளையத்தை வெட்டாமலோ முத்திரையை உடைக்காமலோ இடையில் ஓர் ஏட்டைச் சேர்க்கவோ நீக்கவோ இயலாது. ஆவணத்தின் பாதுகாப்பு இவ்வளையத்தில்தான் அடங்கியிருந்தது.

== வரலாறு ==

=== சிந்துவெளி ===

இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பழமையான முத்திரைகளுள் புகழ்பெற்றவை சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்தவை. 1924 ஆம் ஆண்டு சான் மார்சல் இந்நாகரிகத்தின் கண்டுபிடிப்பை உலகிற்கு அறிவித்தபோது இம்முத்திரைகளே முதன்மைச் சான்றுகளாக விளங்கின. மாக்கல் எனப்படும் மென்மையான கல்லில் செதுக்கிச் சுட்டு இறுக்கப்பட்ட இவை பெரும்பாலும் சதுர வடிவின. பின்புறத்தில் கயிறு கோப்பதற்குத் துளையுடன் கூடிய குமிழ் இருக்கும். ஐராவதம் மகாதேவன் 1977 இல் இவற்றின் எழுத்துகளுக்கு விரிவான தொடரடைவு ஒன்றை வெளியிட்டார். இவ்வெழுத்துகள் அனைவரும் ஏற்கும் வகையில் இன்னும் படிக்கப்படவில்லை. இப்புதிரை விடுவிப்போருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு வழங்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிவித்தது.

=== சங்ககாலம் ===

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதிப் பொருட்களின் மீது சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைக் கூறுகின்றது. சுங்க முத்திரை பற்றித் தமிழில் கிடைக்கும் பழைய செய்திகளுள் இது ஒன்றாகும்.

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆள்பெயர் பொறித்த மோதிரங்களும், உருவம் செதுக்கிய மோதிரங்களும், சேரர் காசுகளும் கிடைத்துள்ளன. மோதிரங்களில் பெயர் இடவல மாற்றமாகச் செதுக்கப்பட்டிருப்பது அவை அணிகலன் மட்டுமல்ல, முத்திரையிடவும் பயன்பட்டவை என்பதற்குச் சான்றாகும்.

இலங்கையின் யாழ்ப்பாணத்துக்கு அண்மையிலுள்ள ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழ்வில், பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றிலிருந்து முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் பிராமி எழுத்துகள் ஒரு வரியிலும், பெருங்கற்காலக் குறியீடுகள் மற்றொரு வரியிலும் உள்ளன. அது புதைகுழியில் இருந்தவாறே எடுக்கப்பட்டதால், அதன் காலத்தையும் பண்பாட்டுச் சூழலையும் பற்றி ஆய்வாளர்கள் விவாதிக்க முடிகின்றது.

உரோம வணிகத்தின் வழியாகவும் முத்திரைகள் வந்தன. அரிக்கமேட்டில் உருவம் செதுக்கிய மணிக்கற்கள் கிடைத்துள்ளன. கேரளத்தின் பட்டணம் அகழாய்வில், பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட சிபிங்சு உருவம் செதுக்கிய சிறிய முத்திரைக்கல் கிடைத்ததாக 2020 இல் அறிவிக்கப்பட்டது. உரோமப் பேரரசர் அகசுடசு தொடக்கத்தில் சிபிங்சு உருவத்தைத் தம் முத்திரையாகக் கொண்டிருந்தார் என உரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியசு எழுதியுள்ளார்.

=== பல்லவர், பாண்டியர், சோழர் ===

பல்லவர் முத்திரைகளில் காளையும், பாண்டியர் முத்திரைகளில் மீனும், சேரர் சின்னமாக வில்லும், சோழர் முத்திரைகளில் புலியும் காணப்படுகின்றன. அண்டை அரசர்களுள் கங்கருக்கு யானையும், சாளுக்கியருக்குப் பன்றியும் சின்னங்களாகும்.

சோழப் பேரரசின் முத்திரைகள் அமைப்பில் மிகவும் விரிவானவை. அமர்ந்த நிலையிலுள்ள புலி, அதன் முன் இரு மீன்கள், கீழே வில் ஆகியவற்றுடன் குடை, சாமரங்கள், விளக்குகள் முதலிய அரச அடையாளங்களும் ஒரே வட்டத்துள் இடம்பெறும். பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் சோழரின் முத்திரையில் இடம்பெற்றது, அவ்விரு நாடுகளும் தம் ஆட்சிக்குட்பட்டவை என்ற உரிமைக்கூற்று ஆகும். விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்தில், இது இன்ன அரசனின் ஆணை என்னும் பொருளில் வடமொழி வாசகம் இருக்கும்.

இவ்வகையில் புகழ்பெற்றவை திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் ஆனைமங்கலச் செப்பேடுகளும் ஆகும். 1905 ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளைக் கொண்டவை. முதலாம் இராசேந்திர சோழனின் முத்திரையைத் தாங்கியவை. ஆனைமங்கலத்தின் பெரிய செப்பேட்டுத் தொகுதியில் 21 ஏடுகள் உள்ளன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அளித்த கொடையை அவை பதிவு செய்கின்றன. கொடை இராசராசனுடையதாயினும் வளையத்தில் உள்ள முத்திரை அவன் மகன் இராசேந்திரனுடையது. ஆணையைச் செப்பேட்டில் எழுதுவித்தவன் அவனே. டச்சுக்காரர் காலத்தில் ஐரோப்பாவுக்குச் சென்று லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் இவை லைடன் செப்பேடுகள் என்ற பெயரையும் பெற்றன.

முத்திரை ஒரு நீண்ட நடைமுறையின் இறுதியில் இடப்பட்டது. அரசனின் வாய்மொழி ஆணையைத் திருமந்திர ஓலை என்னும் அலுவலர் எழுதினார். திருமந்திர ஓலை நாயகம் என்னும் மேலலுவலர் அதனைச் சரிபார்த்தார். பின்னர் அது வரிக் கணக்கில் ஏற்றப்பட்டது. திருமுகம் எனப்பட்ட அரசாணை நாட்டாரிடம் சென்றதும் அவர்கள் அதனை எதிர்கொண்டு தலைமேல் வைத்து வணங்கினர். பிடி சூழ்ந்து, அதாவது பெண்யானையை நடத்தி எல்லை குறித்தபின், கொடை நிறைவேறியது.

=== விசயநகரக் காலமும் அதன் பின்னரும் ===

விசயநகர முத்திரைகளில் பன்றி, வாள், சூரியன், சந்திரன் ஆகியவை உள்ளன. அவர்களின் செப்பேடுகள் பலவற்றின் இறுதியில் கன்னட எழுத்தில் விருபாட்சர் பெயர் அரச ஒப்பமாக இடம்பெறும். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆவணங்களில் பாரசீக எழுத்தில் பெயரும் பட்டங்களும் இசுரி ஆண்டும் கொண்ட மை முத்திரைகள் காணப்படுகின்றன. தஞ்சை மராட்டியர் தம் அலுவல்களை மோடி எழுத்தில் எழுதினர். இவ்வாவணங்களின் பெருந்தொகுதி தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் காலத்தில் கச்சேரிகளுக்குப் பித்தளை முத்திரைகள் வழங்கப்பட்டன. அரக்கு முத்திரை இன்றும் நீதிமன்றங்களிலும் தேர்தல் அலுவல்களிலும் பயன்படுகின்றது.

== தகடூர்ப் பகுதி ==

இன்றைய தருமபுரி சங்ககாலத்தில் தகடூர் எனப்பட்டது. அதியமான் மரபினரின் தலைநகராக விளங்கியது. பின்னர் இப்பகுதி கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகர அரசர், மைசூர் அரசர் எனப் பலரின் ஆட்சிக்கு உட்பட்டது. 1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கம்பனியிடம் ஒப்படைத்தார். அலெக்சாண்டர் ரீடு, அவரது உதவியாளர் தாமசு மன்றோ ஆகியோர் இங்கு மேற்கொண்ட நில அளவையும் வரி ஏற்பாடும் இரயத்துவாரி முறைக்கு அடித்தளமாயின.

இவ்வாறு கன்னட, தமிழ், பாரசீக, ஆங்கில ஆட்சி மரபுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த எல்லைப்பகுதி இது. ஆகவே இண்டூர் போன்ற சிற்றூர் ஒன்றில், நிலத்தை உழும்போதோ பழைய வீட்டைப் பிரிக்கும்போதோ பெட்டியின் அடியிலிருந்தோ ஒரு முத்திரை கிடைத்தால், அது எம்மரபைச் சேர்ந்தது என்பதை ஊகத்தால் முடிவு செய்ய இயலாது. யானை உருவம் கண்டால் கங்கர் மரபையும், பன்றி கண்டால் சாளுக்கியர் அல்லது விசயநகர மரபையும், பாரசீக எழுத்து கண்டால் மைசூர் அல்லது ஆர்க்காட்டு மரபையும் முதலில் கருதிப் பார்க்கலாம். உருவம் மட்டும் சான்றாகாது. எழுத்தும் பொருளும் அதனுடன் ஒத்திருக்க வேண்டும். திப்பு சுல்தான் தம் ஆட்சியின்போது மௌலூதி என்னும் ஆண்டுமுறையைப் புகுத்தினார். அக்காலக் காசுகளில் ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டுள்ளன. இதனை அறியாதவர் ஆண்டைத் தவறாகப் படிக்க நேரிடும்.

இம்மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தருமபுரியிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் இவ்வட்டாரத் தொல்பொருட்களைக் காணலாம்.

== சீன முத்திரைகளுடன் ஒப்பீடு ==

கி.மு. 221 இல் சீனாவை ஒன்றிணைத்த சின் சி குவாங், பேரரசரின் முத்திரைக்கெனத் தனிப்பெயரை ஒதுக்கினார். அதற்கு முன் அச்சொல் எவருடைய முத்திரையையும் குறித்தது. தொடக்கத்தில் ஓலை போன்ற மூங்கில் ஆவணங்களின் கட்டுக்கயிற்றில் அப்பிய களிமண்ணில் முத்திரை பதிக்கப்பட்டது. காகிதம் பரவிய பின் இங்குலிகம் என்னும் செந்நிறக் கனிமத்தை எண்ணெயுடனும் நாருடனும் குழைத்த சாந்து பயன்பாட்டுக்கு வந்தது. எழுத்து சிவப்பாக விழுவது, பின்னணி சிவந்து எழுத்து வெண்மையாக விழுவது என இருவகைச் செதுக்கு முறைகள் உள்ளன.

மிங் அரசமரபுக் காலத்தில் அறிஞர்கள் மென்மையான கற்களில் தாமே செதுக்கத் தொடங்கியதும் முத்திரை எழுத்தோவியத்துக்கு இணையான கலையாக உயர்ந்தது. புசியான் மாகாணத்தின் சௌசான் கல், செச்சியாங் மாகாணத்தின் சிங்தியான் கல், சாங்குவா கல், உள் மங்கோலியாவின் பாலின் கல் ஆகியவை புகழ்பெற்றவை. 1904 இல் காங்சௌ நகரில் சீலிங் முத்திரைக் கழகம் தோன்றியது. சீன முத்திரை செதுக்கும் கலை 2009 இல் யுனெசுகோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2016 திசம்பரில் பாரிசில் நடைபெற்ற ஏலத்தில் சியான்லொங் பேரரசரின் முத்திரை ஒன்று ஏறத்தாழ 2.1 கோடி யூரோவுக்கு விற்பனையானது.

இரு மரபுகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சீன முத்திரைகளின் பதிவுகள் தொகுக்கப்பட்டு நூல்களாக வெளியிடப்பட்டுள்ளன. ஓவியங்களின் மீது அடுத்தடுத்த உரிமையாளர்கள் தம் முத்திரையைப் பதித்ததால், ஓவியம் கைமாறிய வரலாறே அதன் மேல் எழுதப்பட்டுள்ளது. ஐயத்துக்குரிய முத்திரை ஒன்றை இப்பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தமிழ்நாட்டில் செப்பேட்டு முத்திரைகளுக்குக் கல்வெட்டுத்துறை வெளியீடுகளில் படங்கள் உள்ளன. ஆனால் ஓலையின் மேலும் களிமண்ணிலும் பதித்த அடையாளங்கள் இந்நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பெரும்பாலும் எஞ்சவில்லை.

தென்னிந்தியாவுக்கும் சீனாவுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. முதலாம் இராசராசனின் தூதுக்குழு 1015 இல் சொங் அரசவையை அடைந்தது. சீனாவின் சுவான்சௌ நகரில் 1281 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. தஞ்சைப் பகுதியில் சீனக் காசுகள் கிடைத்துள்ளன. இலங்கையின் காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. மிங் பேரரசர் யொங்லெ 1416 இல் கொச்சி மன்னருக்கு முத்திரை வழங்கிச் சிறப்புச் செய்தார். அயல்நாட்டு மன்னருக்கு முத்திரை வழங்குவது, அவரது ஆட்சியைப் பேரரசர் ஏற்பதன் அடையாளமாகச் சீனரால் கருதப்பட்டது. சப்பானின் சிக்கானோசிமா தீவில் 1784 இல் கிடைத்த 108 கிராம் எடையுள்ள பொன் முத்திரை, கி.பி. 57 இல் ஆன் பேரரசர் நா நாட்டு மன்னனுக்கு அளித்ததெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது.

== மதிப்பிடும் முறை ==

மதிப்பீடு என்பது விலை கூறுவது மட்டுமன்று. பொருள் உண்மையானதா, எக்காலத்தது, எவருடையது, எங்கிருந்து வந்தது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காண்பதாகும்.

* '''பொருள்''': மாக்கல் நகத்தால் கீறக்கூடிய அளவு மென்மையானது. சுட்டபின் அது கடினமாகும். சூதுபவளம் எஃகுக் கத்தியாலும் கீற முடியாதது. மரபான சீன முத்திரைக் கற்கள் என விற்கப்படுபவற்றுள் நெகிழி வார்ப்புகளும் உண்டு. அவை கையில் எடை குறைவாகவும் தொடும்போது குளிர்ச்சியற்றும் இருக்கும். கீறிப் பார்ப்பது பொருளைச் சேதப்படுத்தும் என்பதால் சேகரிப்பாளர் அதனைச் செய்யலாகாது. ஊடுகதிர் ஒளிர்வு ஆய்வு மூலம் உலோகக் கலவையைச் சேதமின்றி அறியலாம்.
* '''செதுக்கிய தடம்''': பத்து மடங்கு உருப்பெருக்கும் கைக்கண்ணாடியால் வரிகளின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். கையால் செதுக்கிய வரியின் ஆழமும் அகலமும் சற்றே மாறுபடும். மின்கருவியால் செதுக்கிய வரிகள் ஒரே சீராகவும் கூரிய விளிம்புடனும் இருக்கும். வார்ப்பில் செய்த போலியில் சிறு காற்றுக்குழிகள் தென்படலாம்.
* '''எழுத்தின் திசை''': முத்திரை அச்சில் எழுத்து இடவல மாற்றமாக இருக்க வேண்டும். நேராக இருந்தால், அது பதிக்கும் நோக்கமின்றிச் செய்யப்பட்ட பொருளா அல்லது போலியா என ஆராய வேண்டும். செப்பேட்டு முத்திரைக்கு இவ்விதி பொருந்தாது.
* '''எழுத்தின் வடிவம்''': தமிழ்ப் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம், தமிழ் ஆகியவற்றின் வடிவங்கள் நூற்றாண்டுதோறும் மாறியுள்ளன. வெவ்வேறு நூற்றாண்டுகளுக்குரிய வடிவங்கள் ஒரே வரியில் கலந்திருப்பது போலியின் முதன்மை அடையாளமாகும்.
* '''தேய்மானம்''': நெடுநாள் பயன்பட்ட முத்திரையில் விளிம்பும், கயிறு கோக்கும் துளையும், கையால் பிடிக்கும் பகுதியும் தேய்ந்திருக்கும். மேற்பரப்பு முழுவதும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது செயற்கையாகப் பழமையாக்கப்பட்டதாக இருக்கலாம். செம்பின் பச்சைக் களிம்பு மெதுவாக உருவாகி உலோகத்துடன் ஒட்டியிருக்கும். அமிலத்தால் வரவழைத்த களிம்பு பொடியாக உதிரும்.
* '''வந்த வழி''': எவ்வூரில், எந்த ஆழத்தில், எப்பொருட்களுடன் கிடைத்தது, பின்னர் எவரெவர் வைத்திருந்தனர் என்ற செய்தியே மற்ற அனைத்தையும் உறுதி செய்வது.

=== செப்பேடுகளில் வளையச் சோதனை ===

செப்பேடுகளை ஆய்ந்த கல்வெட்டறிஞர்கள், தம்மிடம் வந்தபோது வளையம் வெட்டப்பட்டிருந்ததா இல்லையா என்பதைத் தவறாமல் குறித்துள்ளனர். வெட்டப்படாத வளையமாயின், ஏடுகளும் முத்திரையும் தொடக்கம் முதல் ஒன்றாக இருந்தவை எனக் கொள்ளலாம். வெட்டப்பட்டிருந்தால், வேறொரு தொகுதியின் உண்மையான முத்திரை போலி ஏடுகளுடன் சேர்க்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. நில உரிமையை நிலைநாட்டுவதற்காகப் பழங்காலத்திலேயே போலிச் செப்பேடுகள் செய்யப்பட்டன. கங்கர் பெயரிலுள்ள செப்பேடுகள் பல இவ்வாறு போலியானவை எனச் சான் பிளீட்டு 19 ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். பழைய போலியும் ஒரு வரலாற்று ஆவணமே. அது எழுந்த காலத்து நிலத் தகராறுக்கு அது சான்றாகின்றது.

== சேகரிப்பும் அதன் இரு பக்கங்களும் ==

தமிழ்நாட்டில் சங்ககாலக் காசுகளும் மோதிரங்களும் பெருமளவு வெளிவந்தது முறையான அகழாய்வுகளால் மட்டுமன்று. கரூரில் ஆற்றுமணலைச் சலிப்போர் கண்டெடுத்தவை பழைய உலோக வணிகர் வழியாகச் சேகரிப்பாளர்களை அடைந்தன. நாணயவியலாளர் இரா. கிருட்டிணமூர்த்தி 1980களில் வணிகர்களிடமிருந்து பெற்ற காசுகளுள் ஒன்றில் பெருவழுதி என்னும் பாண்டியன் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் படித்தறிந்தார். சேகரிப்பாளர் வாங்காதிருந்தால் அத்தகைய பொருட்கள் உருக்கப்பட்டிருக்கும் என்பது சேகரிப்பை ஆதரிப்போரின் வாதமாகும்.

விலை கிடைக்கும் என்ற எண்ணமே மேடுகளைத் தோண்டத் தூண்டுகின்றது என்பதும், மண்ணடுக்கைக் கலைத்து எடுத்த பொருள் தன் காலத்தைச் சொல்லும் ஆற்றலை இழக்கின்றது என்பதும் தொல்லியலாளரின் மறுப்பாகும். ஆனைக்கோட்டை முத்திரை அகழ்வில் கிடைத்ததால் அது எத்தகைய குழியில், எவற்றுடன் இருந்தது என்பது தெரியும். அதே முத்திரை சந்தையில் கிடைத்திருந்தால் அதன் எழுத்தைப் படிக்கலாம். ஆனால் அது எந்த நாட்டுடையது என்பதையே உறுதியாகக் கூற முடியாது. இவ்விரு வாதங்களும் சந்திக்கும் இடம் பதிவு செய்தல் ஆகும். சேகரிப்பாளர் தம்மிடமுள்ள பொருளின் படத்தையும் அளவையும் எடையையும் பெற்ற வழியையும் எழுதி வைத்து ஆய்வாளருக்குக் காட்டினால், இழப்பு ஓரளவு குறையும்.

== சட்டம் ==

* '''இந்தியப் புதையல் சட்டம், 1878''': மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எப்பொருளையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பொருளின் தன்மை, கிடைத்த இடம், நாள் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். உரிமையாளர் எவரும் இல்லையென முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நில உரிமையாளருக்கு ஒரு பங்கும் சேரும் எனச் சட்டம் கூறுகின்றது. அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், மூலப்பொருளின் மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாக வழங்கும். அறிவிக்காமல் மறைப்பவர் தம் பங்கை இழப்பதுடன் தண்டனைக்கும் உள்ளாவார்.
* '''தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972''': 1976 ஏப்பிரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள பொருட்கள் தொல்பொருட்களாகும். கையெழுத்துச் சுவடி போன்ற ஆவணங்களுக்கு இவ்வரம்பு 75 ஆண்டுகள். உரிமம் இன்றித் தொல்பொருள் வணிகம் செய்யலாகாது. நடுவண் அரசோ அதனால் அதிகாரம் பெற்ற அமைப்போ அன்றி வேறெவரும் ஏற்றுமதி செய்யக் கூடாது. அரசு அறிவித்த வகைகளைச் சேர்ந்த பொருட்களை வைத்திருப்போர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். ஒரு பொருள் தொல்பொருளா என்ற ஐயம் எழுந்தால் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் தலைமை இயக்குநர் முடிவு செய்வார்.

புதையல் சட்டத்தின் இழப்பீடு மூலப்பொருளின் மதிப்பை அடிப்படையாகக் கொண்டிருப்பது ஒரு குறையாகக் கூறப்படுகின்றது. சில கிராம் செம்பாலான முத்திரைக்கு உலோக மதிப்பு மிகச் சிறிதே. வணிகர் தரும் தொகை அதைவிடப் பன்மடங்கு இருக்கக்கூடும் என்பதால், கண்டெடுத்த ஏழை உழவர் ஒருவருக்கு அறிவிப்பதில் ஊக்கம் குறைகின்றது.

== கிடைத்த முத்திரையைக் கையாளுதல் ==

வீட்டுச் செம்புப் பாத்திரங்களைப் போலப் புளி, எலுமிச்சை, சாம்பல் ஆகியவற்றால் பழம்பொருளைத் துலக்குதல் கூடாது. களிம்புடன் சேர்ந்து எழுத்தின் நுண்ணிய விளிம்புகளும் போய்விடும். ஒட்டிய மண்ணிலும் காலத்தை அறிய உதவும் எச்சங்கள் இருக்கலாம். அரக்கிலோ மெழுகிலோ பதித்துப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும்; கல்லில் உள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் அழுத்தத்தால் பிளக்கக்கூடும்.

இதற்கு மாற்றாக, பக்கவாட்டிலிருந்து ஒளி விழுமாறு வைத்து, அளவுகோலுடன் பல கோணங்களில் படம் எடுக்கலாம். ஒளியின் திசையை மாற்றி மாற்றி எடுத்த படங்களைக் கணினியில் இணைத்தால் தேய்ந்த எழுத்தும் புலப்படும். படத்தை இடவலமாகத் திருப்பினால் பதிவு எவ்வாறு அமையும் என்பதைப் பொருளைத் தொடாமலே அறியலாம். பின்னர் கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பொருளை அமிலமற்ற தாளில் சுற்றி, வட்டாட்சியர் அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் மாவட்ட அருங்காட்சியகங்களும் அடையாளம் காண உதவுகின்றன.

== இவற்றையும் பார்க்கவும் ==

* செப்பேடு
* தமிழ்ப் பிராமி
* சங்ககாலக் காசுகள்
* ஆனைமங்கலச் செப்பேடுகள்
* சிந்துவெளி எழுத்து
* தகடூர்